பட்டயமும் பதிவேடும்

பாசன வயலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் போனால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிக்கு 8,500. ஏலம், மிளகு, தென்னைக்கு 22,500. 2022இல் இந்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதி இது. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெல்லுக்கு ஏழாயிரம்கூட வராது. கேரளத்தின் பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயிக்கு அது உழவுக்கும் நடவுக்குமே பற்றாது.

இதோடு இலங்கையை ஒப்பிடலாம். அது 2018 முதல் நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை இலவசக் காப்புறுதி கொடுத்தது. வெள்ளம், வறட்சி மட்டுமல்ல, யானை மிதித்தாலும் உண்டு. இதற்குப் பணம் வந்த வழி சுவையானது: வங்கிகள், நிதி நிறுவனங்கள், காப்புறுதி நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு சதவீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும் என்று 2013இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை ரூபாய் சரிந்தபின் அந்த நாற்பதாயிரம் இந்தியப் பணத்தில் பத்தாயிரத்துக்குச் சற்று மேல்தான். 2025 டிட்வா புயலுக்குப் பிறகு தொகையை உயர்த்த வேண்டியிருந்தது.

தொகையை மட்டும் வைத்துக் கேரளத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. மாநிலம் தனியே ஒரு பயிர்க் காப்பீடு நடத்துகிறது. ஏக்கருக்கு நூறு ரூபாய் கட்டியவரின் நெல், நட்டு 45 நாள் கடந்து அழிந்தால் ஹெக்டேருக்கு 35,000 கிடைக்கும். கிருஷிபவன் எனும் உள்ளூர் வேளாண் அலுவலகத்துக்காரர்கள் வாழையைக் குலை தள்ளியது, தள்ளாதது என்று பிரித்து எண்ணுவார்கள். அந்த நுணுக்கம் இலங்கைத் திட்டத்தில் இல்லை. ஆறு பயிருக்கு வெளியே வாழையோ மிளகோ வைத்தவருக்கு அந்த இலவசக் காப்புறுதியே கிடையாது.

வேறுபாடு பணத்தைவிட, யாரை விவசாயி என்று அரசு எழுதி வைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

கேரளத்தில் நட்டஈடு கேட்க நிலவரி ரசீது வேண்டும். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர் ஒப்பந்தத் தாள் காட்ட வேண்டும். ஆனால் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகையையே ஒழித்துவிட்டது. அன்றைய குத்தகைக்காரரை நில உடைமையாளர் ஆக்கிய பெரிய சட்டம் அது. இன்று பாலக்காட்டில் காய்கறியும் வாழையும் போடும் பாட்டக்காரருக்கோ அதனால் வாய்ப்பேச்சுதான் மிச்சம். நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார். கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்ற பயம். வெள்ளம் வந்தால் விதைத்தவர் ஒருவர், ரசீது வைத்திருப்பவர் இன்னொருவர்.

இலங்கை அந்த அளவுக்குத் துணியவில்லை. 1958இல் அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகையை ஒழிக்காமல், குத்தகைக்காரரின் பயிர்செய்யும் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றியது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் அதையே தொடர்ந்தது. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் காணிக்காரர் பெயரோடு செய்கைக்காரர் பெயரும் இருக்கும். அரைகுறைச் சீர்திருத்தமாகத் தோன்றும் ஒன்று, நட்டஈடு என்று வரும்போது பயன்படுகிறது!

மீண்டும் கேரளத்துக்கு வந்தால், இடுக்கியில் சிக்கல் இன்னும் பெரிது. உடும்பஞ்சோலை, வண்டன்மேடு பகுதியில் ஏலம் நிற்பது ஏலமலைக் காட்டு நிலம். பல தோட்டங்களுக்குப் பட்டயம் (நிலப் பட்டா) இல்லை. போடி, கம்பத்திலிருந்து போய் ஏலம் வைத்த தமிழ்க் குடும்பங்களும் இதில் அடக்கம். 2024 கோடையில் செடிகள் காய்ந்து கருகின. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே புதிய பட்டயம் வழங்க உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மண்சரிவில் நிலமே போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய் என்று மத்திய விதி சொல்கிறது. பட்டயம் இல்லாத நிலத்தை யாருடையது என்று எழுதுவது?

கேரளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கிருஷி அலுவலர் எப்படியும் சேதம் பார்க்க வயலுக்கு வருகிறார். பயிர் யாருடையது என்று பக்கத்து வயல்காரரிடமும் நெல் விவசாயிகளின் குழுவான பாடசேகர சமிதியிடமும் கேட்டு, சாகுபடியாளர் பெயரை நில உரிமையைத் தொடாமல் தனியே பதிந்துகொள்ளலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்; ஓர் அரசாணை போதும்.