சூசாவின் சிலுவை

கோவை புனித மிக்கேல் பேராலயத்திலோ கருமத்தம்பட்டியிலோ பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்கிறவர்களுக்குப் பழக்கமான உடல் ஒன்று உண்டு. வெளுத்த மேனி, சாய்ந்த அமைதியான தலை, விலாவில் சிவப்புக் கோடு. எஃப்.என்.சூசா 1959இல் வரைந்த ‘சிலுவையேற்றம்’ அந்த உடலை அடியோடு மறுக்கிறது. இதைத் தெய்வ நிந்தனை என்று ஒதுக்கலாமா?

ஆறடி உயரம், நாலடி அகலமுள்ள பலகையில் எண்ணெய் வண்ணம். இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. நடுவே கரிய உடல். காய்ந்த வேலமரக் கிளைபோல முறுக்கேறிய கைகால்கள், எங்கும் முள் முள்ளான கோடுகள். பற்கள் வெளியே தெரிகின்றன. முள்முடி எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வலி அந்த உடலுக்கு வெளியிலிருந்து வரவில்லை என்று கோடே சொல்லிவிடுகிறது.

சூசா கோவாவின் சாலிகாவ் கிராமத்தில் 1924இல் பிறந்த கத்தோலிக்கர். குழந்தையில் பெரியம்மை கண்டு பிழைத்தபோது, அவருடைய தாய் நேர்ந்துகொண்டபடி புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர் சேர்ந்தது. கோயிலுக்குள் வளர்ந்தவரின் கோபம் இது. சிலுவை ரோமானியரின் கொலைக்கருவி. பாடுபடும் ஊழியனுக்கு அழகில்லை என்று ஏசாயா 53ஆம் அதிகாரமே சொல்கிறது. அந்த வகையில் நம் பளபளப்பான சுரூபங்களைவிட வேதத்துக்கு அருகில் நிற்பது சூசாவின் படம்தான். நிந்தனை என்ற குற்றச்சாட்டு நிற்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் குரூனவால்டு, மடத்து மருத்துவமனை ஒன்றுக்காக வரைந்த ஈசன்ஹைம் பீடத்தில் கிறிஸ்துவின் தோலெங்கும் புண். ஆனால் பக்கத்தில் துவண்டு சாயும் தாயை யோவான் தாங்குகிறார். மதலேனாள் கைகளைப் பிசைந்து அழுகிறாள். அங்கே படுத்திருந்த நோயாளிக்குத் தன் புண்ணும் தெரிந்தது, தனக்காக அழ ஆளும் தெரிந்தது. சூசாவிடம் சிலுவையருகே இருப்பவர்களும் அதே விறைத்த முகத்தோடு நிற்கிறார்கள். அந்த ஆண்டுகளில் பாதிரியாருக்கும் கனவானுக்கும் அவர் தந்த முகமும் ஏறக்குறைய இதுவே. பாடுபடுகிறவரும் பார்த்து நிற்கிறவரும் ஒரே கோட்டில் கரைந்தபின் இரக்கத்துக்கு இடமேது? வியாகுல மாதா இல்லாத கல்வாரி இது. இங்கே பாணி காட்சியை விழுங்கிவிட்டது.

இரக்கத்தை நாடியவர் கோவையில் பிறந்த கே.சி.எஸ்.பணிக்கர். 1951இல் மலைப்பொழிவின் வாக்கொன்றைத் தலைப்பாக்கிக் காந்தியை வரைந்தார். அது மனதை ஆற்றும் படம். அதனாலேயே நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. சூசா கேட்கிறார்.

வீட்டுப் பீடத்தில் வைத்து செபிக்க இந்தப் படம் உதவாது. சிலுவையில் நடந்தது கொலை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு இந்திய நவீன ஓவியத்தை நான் பார்த்ததில்லை. குறையோடு சேர்த்தே இதை முதல் வரிசையில் வைக்கிறேன்.