ஒரு தாயின் கரங்கள்

மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் புகழ்வது பழைய மரபு. நம் புறப்பாடல்களில் அவளைக் காண்கிறோம். அரபு மரபிலும் காண்கிறோம். சகோதரர் ஸக்ரின் மறைவுக்கு ஆண்டுக்கணக்கில் இரங்கற்பா பாடிய கன்ஸா (ரலி) அவர்கள், காதிஸிய்யாப் போரில் மைந்தர் நால்வரும் ஷஹீதான செய்தி கேட்டு இறைவனைப் புகழ்ந்தார்கள் என வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அவர்கள் கொண்ட நம்பிக்கை இறுதிவரை அவர்களைத் தாங்கிற்று. ஆனால், தான் எதற்காக மகனைக் கொடுத்தாளோ அதுவே பொய்யென்று பின்னர்த் தெளிந்த தாய் என்ன செய்வாள்?

ஜெர்மானிய அச்சோவியர் கேத்தே கொல்விட்ஸ் (1867–1945) அத்தகைய தாய். முதல் உலகப்போர் மூண்ட 1914இல், பதினெட்டே வயதான அவருடைய மகன் பீட்டர் படையில் சேர விரும்பினான். தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார், தாயே பரிந்துபேசி இசைவு பெற்றுத் தந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பெல்ஜிய மண்ணில் மகன் மடிந்தான்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1902க்கும் 1908க்கும் இடையில் அவர் படைத்த 'உழவர் போர்' என்னும் செப்புத்தகட்டு அச்சுத் தொகுதியில், பாய்ந்தோடும் உழவர் கூட்டத்தை ஒரு பெண் இரு கரங்களையும் உயர்த்தி ஏவுகிறாள். அவள் முகம் நமக்குத் தெரியாது. முதுகும் கரங்களுமே தெரியும். போருக்கு ஏவுவது ஆணின் வேலை என்ற வழக்கை அப்படம் மாற்றியது. அந்தக் கரங்களின் பொறுப்பு என்னவென்று அன்று அவர் வினவவில்லை.

1921, 1922 ஆம் ஆண்டுகளில் செதுக்கிய 'போர்' என்னும் மரச்செதுக்குத் தொகுதியில் வினவுகிறார். ஏடுகள் ஏழு. முதல் ஏட்டில் ஒரு தாய் தன் சிசுவை இரு கரங்களாலும் ஏந்தி நீட்டுகிறாள். அவள் ஆடையின்றி நிற்பது நமக்கு உவப்பானதன்று. உருவம் வரைதல் பற்றி நம் ஆலிம்கள் நிகழ்த்திய விவாதங்களையும் நாம் அறிவோம். எனினும் அவ்வுடலில் கவர்ச்சி சிறிதும் இல்லை. ஈவதற்கு இனி எதுவும் எஞ்சாத வறுமையே உள்ளது. அடுத்த ஏட்டில் மரணம் முரசறைய இளைஞர்கள் பின்தொடர்கின்றனர். மரணத்தின் அருகில் பீட்டர். 'பெற்றோர்' என்னும் ஏட்டில் தந்தை ஒரு கையால் முகத்தை மூடுகிறார். மனைவி அவர்மேல் சரிந்து கிடக்கிறாள். ஆண் அழலாகாது என்ற கட்டளை அங்கே உடைகிறது. துயரத்தில் இருவரும் ஒரே கறுப்புத் திரளாகிவிடுகின்றனர்.

'தாய்மார்' என்னும் ஏட்டில் பெண்கள் நெருங்கி நின்று அரணாகின்றனர். இடைவெளிகளில் குழந்தைகளின் முகங்கள். ஏவிய கரம், ஈந்த கரம், இப்போது காக்கும் கரம். தாய்மையை அவர் துறக்கவில்லை. கொடுப்பதே அதன் பெருமை என்ற எண்ணத்தைத் துறந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, விதைமணியை அரைக்கலாகாது என்று பெயரிட்டுப் படைத்த கல்லச்சு ஓவியத்திலும் தாயின் கரங்களுக்குள் சிறுவர்கள் ஒடுங்கியுள்ளனர். நம் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பரப்பிய அதே கல்லச்சு முறைதான் இது.

'போர்' தொகுதியில் மன்னரோ தளபதியோ பகைவரோ இல்லை. போரை மூட்டியவர்களை விட்டுவிட்டாரே எனச் சிலர் குறைகூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறரைக் குற்றக்கூண்டில் ஏற்றுமுன் தன்னைத்தானே கணக்குக் கேட்பதை நம் பெரியோர் முஹாஸபா என்றனர். அந்தக் கணக்கை ஒரு தாய் மரப்பலகையில் செதுக்கியிருக்கிறார். பிள்ளைகளை உடைய நாம் அனைவரும் அதைப் படித்தாக வேண்டும்.