ஒரே பக்கத்தில் 29 நிமிடம்

சக்தி இசைக்குழுவின் முதல் இசைத்தட்டே மேடையில் பிறந்ததுதான். 1975 ஜூலை 5, லாங் ஐலண்டின் சௌத்தாம்ப்டன் கல்லூரி. ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். அடுத்த ஆண்டு எல்.பி.யாக வந்தது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். ஒரு பக்கத்துக்கு இது அதிகம். வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டினால் ஒலி சன்னமாகும். ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் தாராளமாகத் திருப்புங்கள், கடத்தின் கும்கி ஒலி நெஞ்சில் வந்து இறங்கும்.

கடலோரப் பொம்மையார்பாளையத்தில் இப்படித் தட்டு சேர்ப்பது லேசல்ல. கடற்காற்றின் ஈரத்தில் அட்டை உறை பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பிரித்து ஆறவிட வேண்டும். குறுவட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. 1999இல் வந்த ‘ரிமெம்பர் சக்தி’ தொகுப்பில் ‘முக்தி’ என்ற உருப்படி ஒரு மணி நேரம் தாண்டி ஓடுகிறது. அதற்குக் குறுவட்டுதான் சரி, எல்.பி.யில் நடுவே அறுபட்டுப்போகும்.

1975 கச்சேரிக்குத் தட்டுதான். முதல் பக்கம் ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற மெல்லிய உருப்படியோடு முடிகிறது. எழுந்துபோய்த் திருப்பும் அந்த இடைவெளி, பெரிய ராகத்துக்கு முன் வித்வான்கள் சுருதி சேர்க்கும் நேரம் மாதிரி அமைந்துவிடுகிறது. கைப்பேசிச் செயலியோ மூச்சு விடுவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது.