மேட்டூர் நீர்மட்டமும் டிஒய் பை டிஎக்ஸும்

நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு வரக்கூடிய காதல்களிலேயே மிகச் சிறந்தது வகை நுண்கணிதத்தின் மேல் வரும் காதல்தான். சத்தியமாகச் சொல்கிறேன். மகளின் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைச் சும்மா புரட்டத் தொடங்கினேன். இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் பிளஸ் டூவுக்குப் போய்விட்டாள். புத்தகம் என்னுடையதாகிவிட்டது.

பள்ளியில் நானும் வகையிடல் படித்தவன்தான். எக்ஸ் வர்க்கத்துக்கு வகைக்கெழு இரண்டு எக்ஸ், சைனுக்குக் காஸ் என்று பட்டியல் முழுவதும் மனப்பாடம். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்கு விடை என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரே கேள்விதான்: இந்த நொடியில் இது எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது? அந்தக் கேள்வி பிடிபட்டதும் சூத்திரங்கள் எல்லாம் தாமாக வந்து வரிசையில் நின்றன.

கிணற்றில் ஒரு கல்லைப் போடுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், அது விழும் தூரம் 4.9 மீட்டரை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது என்று கண்டவர் கலிலியோ. சரி, சரியாக ஒரு நொடி முடியும் அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன? கணம் என்றால் நேரமே ஓடவில்லை; நேரம் ஓடாதபோது கல்லும் நகரவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிற கேள்வி இது. நம் முன்னோர் எத்தனையோ பேரைத் திகைக்க வைத்த இடம்.

கால்குலேட்டரை எடுங்கள், தயவுசெய்து எடுங்கள். 1 நொடியிலிருந்து 2 நொடி வரை கல் 14.7 மீட்டர் விழுகிறது. ஆக, சராசரி வேகம் நொடிக்கு 14.7 மீட்டர். 1-லிருந்து 1.1 வரை மட்டும் பாருங்கள்: 10.29. 1-லிருந்து 1.01 வரை: 9.849. 1.001 வரை: 9.8049. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 9.8-ஐ நோக்கி எப்படி ஓடி வருகிறது பார்த்தீர்களா! 9.8-ஐத் தாண்டிக் கீழே இறங்கவே இறங்காது. ஆனால் நாம் கேட்கும் அளவுக்கு அதன் பக்கத்தில் வந்து நிற்கும். இதற்குத்தான் எல்லை என்று பெயர். இதை முதன்முதலாகக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒரு தசமம், இன்னும் ஒரு தசமம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

இதைக் கண்டடைந்தவர்களின் கதையும் அற்புதம். நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். நாம் எழுதும் டிஎக்ஸ் குறியீடு லைப்னிட்ஸ் 1684-இல் அச்சிட்ட கட்டுரையில் இருக்கிறது. அதற்கும் ஐந்து நூற்றாண்டுக்கு முன்னால், 1150-இல், இரண்டாம் பாஸ்கரர் தம் சித்தாந்த சிரோமணியில் கோள்களின் அந்தந்தக் கணத்து வேகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். தனியாகப் படிக்க நினைப்பவர்கள் சில்வானஸ் தாம்சனின் ‘கால்குலஸ் மேட் ஈஸி’யைத் தேடிப் பிடியுங்கள். 1910-இல் தம் பெயரைக்கூடப் போடாமல் அவர் வெளியிட்ட புத்தகம். பயமுறுத்தும் வரையறைகளை ஒதுக்கிவைத்து, மிகச் சிறிய துண்டுகளோடு நேராகக் கணக்குக்குள் இறங்கிவிடுகிறார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது மேட்டூர் அணை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். காலையில் பேப்பர் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது அணை நிலவரத்தை. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12-ஆம் தேதி குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் ஊரில் கல்யாணத் தேதியே குறிப்பார்கள். இந்த எண்களைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தவன், அவற்றில் ஒன்று சார்பு, மற்றொன்று அதன் வகைக்கெழு என்று கண்டுகொண்ட காலையில் பேப்பரோடு சமையலறைக்கே ஓடினேன்.

இருப்பு என்பது நேரத்தைப் பொறுத்து மாறும் சார்பு. வரத்திலிருந்து திறப்பைக் கழித்தால் கிடைப்பது அதன் வகைக்கெழு. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி; ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு 11,574 கன அடி நாள் முழுக்க மிஞ்சினால் ஒரு டிஎம்சி ஏறும். ஒரு லட்சம் கன அடி மிஞ்சினால் நாளுக்கு 8.64 டிஎம்சி. எத்தனை வருடமாக இந்த இரண்டு அலகுகளையும் சம்பந்தமே இல்லாதவைபோல அடுத்தடுத்து வாசித்திருக்கிறோம்!

ஒருநாள் சித்தப்பா போன் செய்தார். “ஏண்டா, வரத்து கொறஞ்சிருச்சுன்னு போட்டிருக்கான், மட்டம் ஏறியிருக்குன்னும் போட்டிருக்கான். எது சரி?”

“ரெண்டும் சரி சித்தப்பா. திறப்ப விட வரத்து அதிகமா இருக்கிற வரைக்கும் மட்டம் ஏறத்தான் செய்யும். வரத்து கொறஞ்சதால ஏறுற வேகம்தான் கொறஞ்சிருக்கு.”

“அட, ஏத்தம் நிக்கல, வேகம் மட்டுப்பட்டிருக்கு. அப்படிச் சொல்லு” என்றார். இரண்டாம் வகைக்கெழுவை அவர் இப்படி ஒரே வாக்கியத்தில் சொன்னதைக் கேட்டுப் போனைக் கையில் வைத்தபடி துள்ளினேன். அந்த ஏற்றம் எங்கே நிற்கும்? வரத்தும் திறப்பும் சமமாகும் இடத்தில். அங்கே வகைக்கெழு பூஜ்யம். ஏறிவந்த இருப்பு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடமும் அதுவே. பெருமம் காண வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்து என்று புத்தகம் ஏன் சொல்கிறது என்பதை அணையே சொல்லிவிடுகிறது.

இன்னும் அழகான இடம் ஒன்று இருக்கிறது. 40 அடியிலிருந்து 50 அடிக்கு ஏற ஏறத்தாழ 6 டிஎம்சி போதும். 110-லிருந்து 120-க்கு ஏற ஏறத்தாழ 15 டிஎம்சி வேண்டும். அதே பத்து அடிதான்! பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலமாகிறது. நீர்மட்டத்தை மயிரிழை அளவு உயர்த்துவதாக நினைத்துப் பாருங்கள். கூடுதலாகச் சேர்வது நீர்ப்பரப்பு முழுவதையும் மூடும் ஒரு மெல்லிய ஏடு. அந்த ஏட்டின் கனத்தால் அதன் பருமனை வகுத்தால் மிஞ்சுவது பரப்பளவு. அதாவது, உயரத்தைப் பொறுத்து இருப்பின் வகைக்கெழு என்பது நீர் பரவி நிற்கும் பரப்பேதான்! அணை நிரம்பும்போது அது சுமார் 150 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால், அந்த உச்சத்தில் ஓர் அடிக்கு ஒன்றரை டிஎம்சிக்குச் சற்று மேல் வரும். வரைபடத்தில் ஒரு தொடுகோட்டின் சாய்வாக மட்டும் அறிந்திருந்த ஒன்று கண்ணெதிரே ஏரியாக விரிந்து கிடப்பதை விடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது?

சங்கிலி விதியும் இங்கேதான் பிடிபடும். நேரத்தால் இருப்பு மாறுகிறது. இருப்பால் உயரம் மாறுகிறது. நாளுக்கு 8.64 டிஎம்சி ஏறும்போது, 50 அடிப் பக்கம் ஓர் அடிக்குச் சுமார் 0.65 டிஎம்சிதான் தேவை என்பதால் ஒரே நாளில் 13 அடி உயரலாம். அதே தண்ணீர் 120-ஐ நெருங்கும்போது ஐந்தரை அடிதான் உயர்த்தும். 2024 ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த அணை அந்த மாதம் முடிவதற்குள் 120-ஐத் தொட்டதே, அந்த நாட்களின் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் கூடிய அடிகளைப் பாருங்கள். வரத்தை மட்டும் பார்த்தால் போதாது, மட்டம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது கண்கூடாகத் தெரியும்.

இதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதன் மாறுவீதம் கண்ணில் படுகிறது. ஆறும் காபியை நியூட்டன் விதிப்படி பார்க்கிறேன்: அறையின் வெப்பத்துக்கும் காபியின் வெப்பத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதற்கேற்ற வேகத்தில் ஆறுகிறது, அதனால்தான் முதல் சில நிமிடங்களில் சூடு மளமளவென்று இறங்குகிறது. பகல் நீளுவதையும் பார்க்கிறேன். சென்னையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வித்தியாசம். டிசம்பர் கடைசியில் பகல் நாளுக்கு நாள் மாறுவதே தெரியாது. மார்ச் 20 வாக்கில் நாளொன்றுக்கு முக்கால் நிமிடம்போல நீள்கிறது. லண்டனில் அதே சமயம் ஏறத்தாழ நான்கு நிமிடம்! வளைவு உச்சியிலும் அடியிலும் தயங்கி நிற்கிறது, நடுவில் பாய்கிறது. சைனுக்குக் காஸ் என்று மனப்பாடம் செய்தது வானத்தில் எழுதியிருக்கிறது.

நாளைக் காலைப் பேப்பரிலேயே தொடங்கிவிடுங்கள். வரத்திலிருந்து திறப்பைக் கழித்து 11,574-ஆல் வகுங்கள். மறுநாள் இருப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று சரிபாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் வரும், ஆனால் அச்சாகப் பொருந்தாது. நாள் முழுவதும் வரத்து ஒரே அளவில் நிற்பதில்லை. வெயிலும் கொஞ்சம் குடித்துவிடுகிறது. மணிக்கொரு முறை, நிமிடத்துக்கொரு முறை என்று வரத்தை அளந்து கூட்டிக்கொண்டே போனால் வித்தியாசம் எவ்வளவு சுருங்கும் என்று யோசித்தீர்களானால் தொகையிடலுக்குள் காலை வைத்துவிட்டீர்கள். நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன். மகளின் பிளஸ் டூ புத்தகத்தை எப்போது தருவாள் என்று கேட்டுக்கொண்டு.