இறுக்கிய பிறகு அளக்க வேண்டும்

1967இல் வந்த செவர்லே 350 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டை ஐந்து மெயின் பேரிங் கேப்கள் தாங்குகின்றன. சிலிண்டரில் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் அதன் உந்தல் கனெக்டிங் ராடு வழியே இறங்கி, கேப்பைப் பிளாக்கிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. பிய்யாமல் காப்பது போல்ட். அதனால்தான் எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டுகிறவர்கள் கம்பெனி போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் வலுவான போல்ட்டைப் போடுகிறார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் பலர் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

நிறை முதலில். ஏஆர்பி போன்ற நிறுவனங்கள் 8740 குரோம்-மாலி எஃகுக்குப் பதம் ஏற்றிய பிறகு மரையை உருட்டி எடுக்கின்றன. வெட்டிய மரையைவிட உருட்டிய மரை, திரும்பத் திரும்ப வரும் சுமையை நெடுநாள் தாங்கும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் உள்ள, ஒருமுறை நீண்டால் மறுபடி உதவாத போல்ட்டுகளைப் போல இவற்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

குறை தொடங்குவது டார்க் ரெஞ்சில். கேப்பைப் பிடித்து வைப்பது, போல்ட் சற்றே நீண்டு, சுருங்கத் துடிக்கும் இழுவிசை. ரெஞ்சோ டார்க் எனும் திருப்புவிசையை மட்டுமே காட்டும். அந்த விசையில் ஏறத்தாழ பாதி தலைக்கடியிலும், நாற்பது விழுக்காடு மரையிலும் உராய்வாகக் கரைகிறது. பத்து விழுக்காடு அளவே இழுவிசையாகிறது. மரையில் எஞ்சின் ஆயில் தடவியதற்குச் சொன்ன டார்க்கை, வழுக்கும் மாலி பசை தடவிவிட்டுக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். மரையில் அழுக்கிருந்தால் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், கேப் தளர்வாகவே இருக்கும். அடி மூடிய துளையில் ஆயில் தேங்கினாலும் இதே கதிதான். பிளாக் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு.

கனெக்டிங் ராடு போல்ட்டின் இரு முனைகளும் வெளியே தெரிவதால் அது எவ்வளவு நீண்டது என்று அளக்கலாம். மெயின் போல்ட்டின் முனையோ பிளாக்குக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே உராய்வைக் கட்டுப்படுத்துவதைத் தவிர வழியில்லை: மரையைச் சுத்தம் செய்து, போல்ட்டோடு வந்த பசையையே தடவி, அதற்குச் சொன்ன டார்க்கை மூன்று கட்டமாக ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பெரிய குறை ஒன்று மிஞ்சுகிறது. இழுவிசை மாறினால் கேப் வளையும் விதமும் மாறி, கேப்பும் பிளாக்கும் சேர்ந்து அமைக்கும் வட்டத் துளை நுண்ணளவில் கோணிவிடும். 350இன் மெயின் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் பகுதி, சுமார் 2.45 அங்குல விட்டமுள்ளது. அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற பழைய கணக்கின்படி ஆயில் படலத்துக்குரிய இடைவெளி சுமார் 0.0025 அங்குலம். துளை 0.001 அங்குலம் கோணினாலே அந்த இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். புது போல்ட்டை முழு டார்க்கில் இறுக்கி, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேல்கீழாகவும் சாய்வாகவும் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். கோணலிருந்தால் லைன் ஹோனிங், அதாவது துளைகளை மீண்டும் வட்டமாக, ஒரே நேர்கோட்டில் தேய்த்தெடுத்தல், செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்த்தவர், வலுவான போல்ட்டைப் போட்டுப் பேரிங்கைப் பலி கொடுக்கிறார்.

போல்ட் வலுவானதால் வார்ப்பிரும்பு கேப்பும் பிளாக்கும் வலுவாகிவிடுவதில்லை. ஹோனிங்குக்குப் பணமோ வசதியோ இல்லாதவர், பழுதில்லாத கம்பெனி போல்ட்டையே அதற்குரிய டார்க்கில் போடட்டும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். புது போல்ட் வேண்டுமென்றால், அளவெடுப்பையும் ஹோனிங்கையும் அதன் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.