சகுந்தலைக்குத் தெரியாத சாபம்

சகுந்தலை என்றதும் மோதிரம்தான் நினைவுக்கு வரும். புதிதாக ரசிக்க வருகிறவர் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மகாபாரதத்தின் ஆதிபருவத்தை முதலில் எடுப்பது நல்லது. அங்கே மோதிரமும் கிடையாது, சாபமும் கிடையாது. தனக்குப் பிறக்கும் மகனுக்கே அரசு என்று அரசன் துஷ்யந்தனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் காந்தர்வ மணத்துக்குச் சம்மதிக்கிறாள். ஆண்டுகள் கழித்துப் பிள்ளையோடு சபைக்கு வருகிறாள். அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தெரியாதவன் போல நடிக்கிறான். அவள் அழுது ஒதுங்குகிறவள் இல்லை. மனைவி யார், மகன் யார், வாய்மை எது என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறாள். அசரீரி சாட்சி சொன்ன பிறகுதான், ஊர் நம்பவேண்டுமே என்று அப்படிச் செய்தேன் என்கிறான் அரசன். நல்ல சமாதானம்!

இந்தச் சூடு ஆறுமுன் காளிதாசனின் ஏழு அங்க நாடகத்துக்கு வந்துவிடுங்கள். அரசனின் பெயரைக் காப்பாற்றவே சாபமும் மோதிரமும் புகுந்தன என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சாபம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அரசன் அவளை மறப்பான், மோதிரத்தைக் கண்டால்தான் நினைவு திரும்பும் என்பது சாபம். அதை இடும் முனிவர் துர்வாசர் மேடைக்கே வருவதில்லை. குரல் மட்டும் கேட்கிறது. பூப்பறித்துக்கொண்டிருக்கும் தோழிகள் அனசூயையும் பிரியம்வதையும் அதைக் கேட்டுப் பதறுகிறார்கள், தாங்கமாட்டாள் என்று அவளிடம் மறைத்துவிடுகிறார்கள். தோழிகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இனி வரும் ஒவ்வொரு வரியும் கனப்பது இதனால்தான்.

நான்காம் அங்கமே சிறந்தது என்பது பழைய பண்டிதர் தீர்ப்பு. வளர்ப்புத் தந்தை கண்வர் தொண்டை அடைக்க விடைகொடுப்பதும், அவள் வளர்த்த மான்குட்டி ஆடையைப் பிடித்து இழுப்பதும் யாரையும் கரைத்துவிடும். என் ஓட்டு ஐந்தாவதற்கு. மோதிரத்தைக் காட்டப்போனால் விரல் வெறுமையாக இருக்கிறது. சரி, ஒரு நினைவையாவது சொல்லிப் பார்ப்போம் என்று தொடங்குகிறாள்: மான்குட்டி ஒன்று அவன் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் அவள் கையிலிருந்து குடித்தது, நீங்கள் இருவரும் காட்டுக்காரர்கள்தானே என்று அவன் கேலி செய்தது. இரண்டு பேருக்குள் இருந்தவரை அது பொக்கிஷம். சபை நடுவே சொல்லும்போது ஒன்றுமில்லாமல் போகிறது. பதிலுக்கு அவன், பெண்களின் தந்திரத்துக்குக் குயிலை உதாரணம் காட்டுகிறான்: தன் குஞ்சைப் பிற பறவைகளிடம் வளரவிடும் குயில். பெற்ற தாய் மேனகை விட்டுப்போய், கண்வர் எடுத்து வளர்த்தவளிடம்! அங்கேதான் அவளுக்குக் கோபம் பற்றிக்கொள்கிறது. ஆதிபருவத்துக்காரி ஒரு கணம் எட்டிப் பார்க்கிறாள்.

ஆறாம் அங்கத்தில், தொலைந்த மோதிரத்தோடு பிடிபடும் மீனவன் காட்சியைப் பலர் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். திருடன் என்று இழுத்துவந்த காவலர்கள், அரசன் பரிசு கொடுத்ததும் அவனோடு கள்ளுக்கடைக்குக் கிளம்புவதை விடலாமா?

தமிழில் படிக்க மறைமலையடிகளின் 1907 மொழிபெயர்ப்பு இருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலும் ஒன்று காணாமல் போகும்: மூலத்தில் அரசன் பேசுவது சமஸ்கிருதம், சகுந்தலையும் தோழிகளும் பேசுவது பிராகிருதம். சபையில் அவனும் அவளும் வாதாடுவது வெவ்வேறு மொழிகளில் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அவள் தனிமை இன்னும் உறைக்கும். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 1940 படத்தை எம்.எஸ்., ஜி.என்.பி. குரல்களுக்காகக் கேளுங்கள், காளிதாசனை அதில் தேடவேண்டாம்.

ஏழாம் அங்கத்தில் எல்லோரும் சிங்கக்குட்டியின் பல்லை எண்ணத் துடிக்கும் சிறுவனையே பார்ப்பார்கள். நீங்கள் தாயைப் பாருங்கள். துஷ்யந்தன் காலில் விழுகிறான். என் முன்வினைதான் என்று சொல்லி அவனை எழுப்புகிறாள். துர்வாசரின் சாபத்தை மாரீச முனிவர் வாயால் அவள் அறிவது அதற்குப் பிறகுதான். மோதிரத்தை மறக்காமல் காட்டு என்று தோழிகள் ஏன் அப்படி வற்புறுத்தினார்கள் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது.