பைக்குள் திரும்பிப்போன காசு

நாடகத்தின் கடைசிக் காட்சி. மகள் செத்துக் கிடக்கிறாள். தாய் தாலாட்டுப் பாடி முடித்துவிட்டாள். பிணத்தை அடக்கம் பண்ணக் குடியானவர்களிடம் காசு கொடுக்க வேண்டும். தோல் பையைத் திறந்து எண்ணி எடுக்கிறாள். எடுத்ததில் ஒரு காசைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறாள். அப்புறம் வண்டியைத் தனி ஆளாக இழுத்துக்கொண்டு பட்டாளத்துக்குப் பின்னால் போகிறாள்.

பெர்டோல்ட் பிரெக்டின் ‘மதர் கரேஜும் அவள் பிள்ளைகளும்’ நாடகம் 1949 ஜனவரி 11 அன்று பெர்லினில் மறுபடி மேடையேறியது. அந்தத் தயாரிப்பில் ஹெலேன வைகெல் இந்தக் காட்சியை இப்படித்தான் நடித்தார். பார்த்தவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை படித்தபோது நானும் அழுதவன்தான். மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய், கல்லா மனுசன் அழாமல் இருக்க? அந்த ஒரு காசு என் கண்ணில் பட ரொம்ப நாளாயிற்று.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை அழித்த முப்பதாண்டுப் போர்தான் களம். அன்னா ஃபியர்லிங் என்கிற கரேஜ், பட்டாளத்துக்குப் பின்னாலேயே வண்டி தள்ளிப் போய்ச் சாராயம், சட்டை, பெல்ட் விற்கிற சில்லறை வியாபாரி. போர் நடந்தால்தான் அவளுக்குச் சோறு. ஆனால் அந்தப் போரிலிருந்து தன் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள். கணக்கு தப்புகிறது. மூத்தவன் ஐலிஃப். போர்க்காலத்தில் குடியானவர்களை வெட்டி மாடு கொள்ளையடித்ததற்குத் தளபதியிடம் பாராட்டு வாங்கியவன், நடுவில் சமாதானம் வந்த சில நாட்களில் அதே காரியத்தைச் செய்ததற்காகக் கொல்லப்படுகிறான். இரண்டாவது மகனை மீட்க 200 கில்டர் லஞ்சம் கேட்கிறார்கள். மொத்தமும் கொடுத்தால் பிழைப்புக்கு என்ன வழி என்று அவள் 120க்குப் பேரம் பேசுகிறாள். பேரம் முடிவதற்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிடுகிறது. கடைசி மகள் கட்ரின் ஊமை. சின்ன வயசில் ஒரு சிப்பாய் அவள் வாயில் எதையோ திணித்ததால் பேச்சுப் போனவள். அவளும் சாகிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரெக்ட் இதை 1939இல், ஹிட்லருக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்தபோது எழுதினார். 1941 ஏப்ரலில் சூரிச் நகரில் முதல் அரங்கேற்றம். கரேஜாக நடித்தவர் தெரேசே கீசே. பிரெக்ட் அப்போது பின்லாந்தில் இருந்தார், பார்க்க முடியவில்லை. பத்திரிகை விமர்சனங்கள்தான் அவர் கைக்குக் கிடைத்தன. கிரேக்கப் புராணத்தில் பிள்ளைகளை இழந்து கல்லாகிப்போன நியோபியோடு கரேஜை ஒப்பிட்டிருந்தார்கள். தாய்மையின் அழியாத உயிர்ச்சக்தி என்று உருகியிருந்தார்கள். போரில் பங்கு கேட்டு வண்டி தள்ளுகிற வியாபாரியை எழுதினால், தெய்வத்தாயாக ஆக்கிவிட்டார்களே என்று அவருக்கு எரிச்சல்.

அதனால் பெர்லினுக்காகப் பிரதியைத் திருத்தினார். முதல் காட்சியில், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன் மூத்த மகனைத் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் இவள் பெல்ட் கொக்கி விற்றுக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் காட்சியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி வேண்டும். சூரிச் பிரதியில் அவளே விலை உயர்ந்த சட்டைகளைக் கிழித்துக் கொடுத்தாள். பெர்லின் பிரதியில் தர மறுக்கிறாள். அவளிடமிருந்து பிடுங்கித்தான் கட்டுப்போடுகிறார்கள். இரக்கம் வருகிற ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார்.

அப்படியும் அழுதார்கள்.

யார் அழுதார்கள் என்று பார்க்க வேண்டும். போர் முடிந்து நான்கு வருசம்கூட ஆகவில்லை. நகரம் இடிபாடு. சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் பாதைகளை அடைத்திருந்த முற்றுகைக் குளிர்காலம். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் மகனைக் களத்தில் இழந்தவர்கள் இருந்திருப்பார்கள், இடிந்த கட்டடங்களின் செங்கல்லைக் கையால் பொறுக்கிய பெண்கள் இருந்திருப்பார்கள், ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்களும் இருந்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட நான் தயாரில்லை. அவர்கள் துக்கம் பொய்யும் இல்லை.

ஆனால் அந்தத் துக்கம் எதை மூடியது என்று கேட்க வேண்டாமா? போர் நடந்த வருசங்களில் நாடு கடத்தப்பட்ட யூதர்களின் மேசை நாற்காலி, கட்டில், போர்வை, சமையல் பாத்திரம் எல்லாம் ஜெர்மன் நகரங்களில் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் சாதாரண ஜனங்கள். பக்கத்து வீட்டுக்காரி எங்கே போனாள் என்று கேட்காமல் அவள் வீட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டவர்கள். கரேஜின் வண்டியில் இருந்ததும் இதே மாதிரிச் சரக்குதான். மேடையில் தெரிந்த வியாபாரி இவர்களுக்குக் கண்ணாடி. இவர்களோ கண்ணாடியில் கண்ணீரை மட்டும் பார்த்தார்கள், கையில் இருந்த சரக்கைப் பார்க்கவில்லை. சில வருசம் கழித்து பிரெக்டே ஒரு குறிப்பில் இதைச் சொல்கிறார்: 1949இலும் அதற்குப் பிறகும் பார்த்தவர்கள் கரேஜ் பட்ட கஷ்டத்தைப் பார்த்தார்கள், அவள் போரில் பங்குதாரி என்பதைப் பார்க்கவில்லை, தாங்கள் பங்கெடுத்த ஹிட்லரின் போரையும் அப்படித்தான் பார்த்தார்கள் என்கிறார். கஷ்டப்பட்டவன் தானாகத் திருந்திவிடுவான் என்கிற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டிருந்தது.

இடதுசாரிகளுக்கும் குறை இருந்தது. அது வேறு மாதிரி. நாடகாசிரியர் ஃப்ரீட்ரிஷ் வோல்ஃப் கேட்டார்: கடைசியில் அவளுக்குப் புத்தி வந்து போரைச் சபிக்கிற மாதிரி முடித்திருந்தால் பலன் அதிகமாக இருந்திருக்குமே? பிரெக்டின் பதிலைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அவள் கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன, அவளைப் பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும். 1954இல் நாடகம் பாரிஸுக்குப் போனது. ரொலான் பார்த் இதே புள்ளியைப் பிடித்துக்கொண்டார். குருடியான அவளைப் பார்ப்பதால் அவள் பார்க்காததை நாம் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் பெர்லின் அரங்கில் அது பலிக்கவில்லை. மேடையில் இருந்தவளும் குருடி, கீழே இருந்தவர்களும் கண்ணீரால் குருடர்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு அனுபவம் ஞாபகம் வருகிறது. எங்க மாவட்டத்தில் ஒரு கூட்டம். சாதிக்காரர்கள் தீ வைத்த ஒரு தெருவிலிருந்து வந்த அம்மா பேசினார். எரிந்த வீட்டில் சாம்பலைக் கிளறி மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடியதைச் சொன்னார். அரங்கமே அழுதது. கூட்டம் முடிந்ததும் ஒரு ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நிலமுள்ள சாதி, முற்போக்கானவர். “மூணு நாளைக்குத் தூக்கம் வராது தோழர்” என்றார். கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை. நான் கேட்டேன்: “சார், உங்க வயல்ல நடவுக்கு எங்க பொம்பளைங்களுக்கு என்ன கூலி குடுக்குறீங்க?” பிடித்திருந்த கை தளர்ந்தது. “அதெல்லாம் எங்க அண்ணன் பாத்துக்கிறார்” என்றார்.

அதுதான் பைக்குள் திரும்பிப்போன காசு.

தலித் தன்வரலாறுகள் வர ஆரம்பித்த 90களிலிருந்து நமக்குக் கிடைத்த பெரிய பாராட்டே “படிச்சு அழுதுட்டேன்” என்பதுதான். அதை வாங்கிக்கொண்டு நாமும் சந்தோசப்பட்டிருக்கிறோம். எங்கள் வலியைப் படித்து அழுகிறவர், அழுது முடித்ததும் லேசாகிவிடுகிறார். கணக்கைத் தீர்த்துவிட்ட மாதிரி. தீரவில்லை சார். பொதுக் கிணற்றில், கோயில் தெருவில், நடவுக் கூலியில், கலியாணப் பேச்சில் உங்களுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கிற சின்னச் சின்ன லாபம் அப்படியே பையில் இருக்கிறது.

சின்ன லாபம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரேஜ் ராஜா இல்லை, தளபதி இல்லை. மேலே இருப்பவர்கள் தின்ற போரில் சிதறிய பருக்கையைப் பொறுக்கியவள். மொத்தத்தில் நட்டப்பட்டவள். அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி இருக்கிறது, அந்த அற்ப லாபத்துக்காகவே முழுக் கட்டடத்தையும் அவன் தாங்குகிறான். மேலே இருப்பவனிடம் உதை வாங்கியபடியே தாங்குகிறான். கரேஜை இதைவிடச் சரியாக விளக்க முடியாது. நம்மாளுக்குள்ளேயும் பறையர், பள்ளர் என்று பெருமை பேசிவிட்டு அருந்ததியர் தெருவுக்குள் கால் வைக்க யோசிக்கிறவன் இருக்கிறான். அவன் பையிலும் ஒரு காசு இருக்கிறது. என் பையையும் நான் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி பிரெக்டிடம் எனக்குள்ள கேள்வி.

இரண்டாவது மகனைச் சுடுகிற சத்தம் கேட்டதும் வைகெல் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் கதறுவார். இருபதாம் நூற்றாண்டு நாடக மேடையின் புகழ்பெற்ற கணங்களில் அது ஒன்று. அந்த முகபாவம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தயாரிப்பைப் பற்றிய குறிப்புகளில் பிரெக்ட் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் குண்டுவீச்சில் செத்த மகனின் பிணத்தருகே குந்தியிருக்கும் ஒரு இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் புகைப்படம். வைகெல் அதை முன்பு எப்போதோ பார்த்திருக்க வேண்டும், கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை என்கிறார் பிரெக்ட்.

இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கேயும் மலாயாவிலும் இருந்த இந்தியர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போனவர்களில் சேரிகளிலிருந்து போனவர்கள் ஏராளம். எங்க ஆயாவின் அண்ணன் ஒருத்தர் அப்படிப் போனவர். சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகக் கேள்வி, திரும்பவில்லை. படத்திலிருந்த பெண் தமிழச்சி என்றோ நம்ம சாதி என்றோ நான் சொல்லவில்லை. அவள் எந்த மொழியில் கதறினாள் என்றுகூட அந்தக் குறிப்பில் இல்லை. பெயரும் இல்லை. அவள் வாயில் இருந்த சத்தம் புகைப்படத்தில் போனது. சத்தமில்லாத அந்த வாய் பெர்லின் மேடைக்கு வந்தது. அதைப் பார்த்த ஜெர்மானியர்கள் தங்களுக்காக அழுதார்கள்.

திருட்டு என்று சொல்ல வரவில்லை. துக்கம் யாருக்கும் காப்புரிமை இல்லை. ஆனால் உலகம் கொண்டாடிய ஒரு கலைக் கணத்துக்கு அடியில், பேர் எழுதப்படாத ஒரு பெண் பிணத்தோடு குந்தியிருக்கிறாள். கண்ணீர் அவள் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கண்ணீர் எப்போதும் கிட்டத்தில் இருக்கிற, தன்னைப் போல இருக்கிற முகத்தில் நின்றுவிடுகிறது.

நாடகத்துக்குள்ளேயும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கட்ரின். 1636. ஹாலே நகரம் தூங்குகிறது, ராத்திரியோடு ராத்திரியாக எதிரிப்படை நெருங்குகிறது. குடியானவர்கள் முட்டி போட்டு ஜெபம் பண்ணுகிறார்கள். நகரத்துக்குள் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்று காதில் விழுகிறது. பேச முடியாதவள் கூரை மேல் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு, முரசை அடிக்கிறாள். மிரட்டுகிறார்கள், அம்மாவின் வண்டியை உடைக்கிறார்கள். நிறுத்தவில்லை. சுட்டுக் கொல்கிறார்கள். அதற்குள் நகரம் விழித்துவிடுகிறது. அம்மா அந்த நேரத்தில் எங்கே? நகரத்துக்குள், சரக்கு வாங்கப் போயிருக்கிறாள்.

பறையை என்ன செய்வது என்று 90களில் நமக்குள் பெரிய சண்டை நடந்தது. சாவு வீட்டில் அடித்தால் அடிமைத் தொழில், தூக்கி எறி என்றார்கள் ஒரு பக்கம். அது நம்ம கருவி, கலகத்துக்கு அடிப்போம் என்றார்கள் மறுபக்கம். கட்ரினைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சண்டை ஞாபகம் வந்தது. யார் செத்ததற்காக அடிக்கிறோம், யார் சாகாமல் இருக்க அடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். கட்ரின் யாரையும் அழவைக்க அடிக்கவில்லை. எழுப்புவதற்காக அடித்தாள்.

நம் எழுத்தைப் படித்து அழுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அழுங்க, வேண்டாம் என்று சொல்ல நான் யார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைக் கொஞ்சம் தரையில் கொட்டிக் காட்டுங்க. எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.